குழந்தை கதை சொல்லும்போது நாம எதைக் கேக்கணும்? – வாசகர் கேள்வி பதில்

போன தடவை "ரெண்டரை வயசாச்சு, இன்னும் பேச்சு வரல"னு வந்த கேள்விகளுக்கு பதில் சொல்லியிருந்தேன். அதுக்கப்புறம் வந்த கடிதம், வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும் உக்காந்து கேட்டேன், பாதிக்கு மேல வேற ஒரு கவலை. பிள்ளை பேசுது, கேட்டதுக்கு பதில் சொல்லுது, ஆனா "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு"ன்னா தடுமாறுது, கதை கோர்வையா வரல. பேச்சு மொழி தெரபிஸ்ட்டா வேலை பாக்குற இத்தனை வருஷத்துல என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயமே இந்த கதை சொல்றதுதான், அதனால இந்த தடவை அத மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: எங்க பொண்ணுக்கு நாலரை வயசு. ஸ்பீச் தெரபிஸ்ட் கிட்ட கூட்டிட்டு போனோம். ஆறு படத்த காட்டி கதை சொல்லுன்னாங்க, ரெக்கார்ட் பண்ணாங்க, அப்புறம் நாலஞ்சு கேள்வி கேட்டாங்க, அவ்ளோதான், இருவது நிமிஷத்துல முடிஞ்சிருச்சு. இதுக்கு பேரு டெஸ்ட்டா மேடம்? இதுல என்ன தெரிஞ்சுக்க முடியும்?

டெஸ்ட்தாங்க. அதுவும் லேசுப்பட்ட டெஸ்ட் இல்ல.

படத்த காட்டி "இது என்ன"ன்னு கேட்டா பிள்ளைக்கு ஒரு வார்த்தை தெரிஞ்சா போதும். ஒரு வாக்கியத்த சொல்லி "இதே மாதிரி சொல்லு"ன்னா அத கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சா போதும். கதைன்னா அப்படி இல்ல. யாரு, எங்க, என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, அதுக்கு அவங்க என்ன பண்ணாங்க, கடைசில எப்படி முடிஞ்சுச்சு, இத்தனையையும் ஒரே நேரத்துல மனசுல பிடிச்சு வச்சுக்கணும், வரிசை மாறாம வெளிய எடுக்கணும், எடுக்கும்போதே சரியான வார்த்தைய தேடணும், இதுக்கு மேல எதிர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இது தெரியாதே, "அவன்"னு சொன்னா எவன்னு புரியுமான்னும் யோசிக்கணும். அதனாலதான் ஒத்த வார்த்தை, ஒத்த வாக்கியம் கேக்குற டெஸ்ட்ல எல்லாம் சமாளிச்சு போயிடுற சில பிள்ளைங்க கதைன்னு வரும்போது நின்னுடுறாங்க. வீட்ல யாருக்கும் தெரியாம இருந்த சிரமம் அங்கதான் முதல்ல கண்ணுக்கு தெரியும்.

இது நேத்து கண்டுபிடிச்ச முறையும் இல்ல. இங்கிலாந்துல கேத்தரின் ரென்ஃப்ரூ உருவாக்கின பஸ் கதை டெஸ்ட் 1969-லேர்ந்து புழக்கத்துல இருக்கு, தெரபிஸ்ட் படத்த காட்டிக்கிட்டே ஒரு பஸ்ஸோட கதைய சொல்வாங்க, பிள்ளை அதே படங்கள பாத்து திருப்பி சொல்லணும். அதே வருஷம் மெர்சர் மேயர் போட்ட எழுத்தே இல்லாத தவளைப் படப்புத்தகத்த வச்சு எத்தனையோ மொழியில பிள்ளைங்க கதை சொல்றத ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2012-ல ஐரோப்பிய ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து "மெயின்"னு ஒரு தொகுப்பு கொண்டு வந்தாங்க, ஆறாறு படமா நாலு கதை, 3 வயசுலேர்ந்து 10 வயசு வரைக்கும். உங்க தெரபிஸ்ட் வச்சிருந்தது இதுவா, இது மாதிரி வேற ஒண்ணான்னு அவங்கள கேட்டாலே சொல்வாங்க.

ரெக்கார்டிங்க போட்டுக் கேக்கும்போது நாங்க ரெண்டு விதமா கேப்போம். முதல் தடவை கதையோட எலும்புக்கூடு: கதையில யாரு இருக்காங்கன்னு சொல்லுச்சா, பிரச்சனை என்னன்னு வந்துச்சா, அவங்க என்ன செய்ய நினைச்சாங்க, என்ன முயற்சி பண்ணாங்க, அது பலிச்சுதா இல்லையா, மனசுல என்ன தோணுச்சு. ரெண்டாவது தடவை வார்த்தையும் வாக்கியமும்: எத்தனை வித வார்த்தை, வாக்கியம் எவ்ளோ நீளம், வினைமுற்று சரியா விழுதா, ஒரு சம்பவத்த இன்னொண்ணோட எப்படி கோக்குது. ரிப்போர்ட்ல மேக்ரோ ஸ்ட்ரக்சர், மைக்ரோ ஸ்ட்ரக்சர்னு போட்டிருந்தா இந்த ரெண்டுதான். கடைசில கேட்ட நாலஞ்சு கேள்வி இருக்கே, அத சும்மா கேட்டதுன்னு நினைச்சுடாதீங்க. "ஏன் அழுதான்?", "இப்ப அவனுக்கு எப்படி இருக்கும்?" மாதிரி கேள்விகள் அது. வாயில கதை வரலைன்னாலும் மனசுல கதை புரிஞ்சிருக்கான்னு அதுலதான் தெரியும். புரிஞ்சும் சொல்ல வராத பிள்ளைக்கும் புரியவே இல்லாத பிள்ளைக்கும் குடுக்குற பயிற்சி வேற வேற.

இன்னொண்ணு கவனிச்சிருப்பீங்க, படம் குழந்தை பக்கம் மட்டும் திரும்பியிருக்கும், தெரபிஸ்ட்டுக்கு தெரியாது. சில பேர் மூணு கவர வச்சு "நீயே ஒண்ண எடு, உள்ள என்ன கதைன்னு எனக்கு தெரியாது"ம்பாங்க. எதிர்ல இருக்கிறவங்களுக்கும் படம் தெரியும்னா எந்த பிள்ளையும் "இவன் இத இப்படி பண்றான்"னு விரல வச்சு முடிச்சிடும், அதுல தப்பும் இல்ல, பாக்குறவங்களுக்கு எதுக்கு விளக்கணும்? தெரியாதவங்களுக்கு சொல்லும்போதுதான் முழு வாக்கியம் வெளிய வரும்.

கேள்வி: பையனுக்கு 3 வயசு. படத்த காட்டி கதை கேட்டா "நாய்... பூனை... ஓடுது... விழுந்துச்சு"னு தனித்தனியாதான் சொல்றான். பிரச்சனையா?

இந்த வயசுக்கு இது கதைதாங்க, பயப்படாதீங்க. பிள்ளைங்க கதை எப்படி வளருதுன்னு ஆர்தர் ஆப்பிள்பீ 1978-லயே படிப்படியா வரிசைப்படுத்தி எழுதியிருக்கார். ரெண்டு வயசு சுமாருக்கு மனசுல பட்டதெல்லாம் ஒரு குவியலா வரும், அப்புறம் ஒரே ஆளையோ பொருளையோ சுத்தி வரும், நாலு வயசு வாக்குல ஒண்ணுலேர்ந்து ஒண்ணு சங்கிலியா போகும், ஆனா ஆரம்பிச்ச இடம் ஒண்ணு முடிக்கிற இடம் ஒண்ணுன்னு இருக்கும், அஞ்சு வயசு நெருங்கும்போதுதான் பிரச்சனை, முயற்சி, முடிவுன்னு ஒரு முழுக்கதை உருவாகும். இதெல்லாம் தோராயம்தான், ஆறு மாசம் முன்ன பின்ன இருக்கும். கதைய விட்டுடுங்க, அவன் சாதாரணமா பேசும்போது ரெண்டு மூணு வார்த்தை சேத்து பேசுறானா, நீங்க சொல்றது புரியுதா, அத பாருங்க. அதுல சந்தேகம் இருந்தா மட்டும் காட்டுங்க.

கேள்வி: நான் ப்ரீ-ஸ்கூல் டீச்சர். அஞ்சு வயசு ஆகப்போற ரெண்டு பிள்ளைங்கள பத்தி கேக்கணும். ஒருத்தி ரொம்ப அமைதி, கதை சொல்ல சொன்னா அஞ்சு வரில முடிச்சிடுவா. இன்னொருத்தன் நிறுத்தவே மாட்டான், பேசிக்கிட்டே இருப்பான். அமைதியா இருக்கிற பிள்ளையதான் டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னு நினைக்கிறேன், ரெண்டு பேரும் ஒரே படத்துக்கு சொன்னத அப்படியே எழுதி அனுப்பியிருக்கேன். சரிதானா?

டீச்சர், சொன்னத சொன்னபடியே எழுதி அனுப்பினீங்க பாருங்க, அதுக்கே உங்களுக்கு பெரிய நன்றி. "சரியா பேசல"னு ஒரு வரி எழுதி அனுப்பறதுக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம். மத்தவங்களுக்கும் புரியணும்னு அத இங்க போடுறேன். ஆறு படம்: தம்பி கையில பலூன், காத்துல பறந்து மரத்துல மாட்டிக்குது, குதிச்சு பாக்குறான் எட்டல, அக்கா குச்சியோட வர்றா, குச்சி பட்டு பலூன் வெடிக்குது, அக்கா தன்னோட பலூன குடுக்குறா.

அமைதியான பொண்ணு சொன்னது: "ஒரு தம்பி பலூன் வச்சிருந்தான். காத்துல போயி மரத்துல மாட்டிக்கிச்சு. குதிச்சான், எட்டவே இல்ல. அக்கா குச்சியால எடுக்கலாம்னு பாத்தா டப்புனு வெடிச்சிருச்சு. பாவம்னு அவ பலூனையே குடுத்துட்டா."

பையன் சொன்னது: "இது பலூன். ரெட் கலர். எங்க வீட்ல கூட பலூன் இருக்கு, பெருசு. இவன் நிக்கிறான். மரம். இவன் இங்க பாருங்க குதிக்கிறான். அப்புறம் வந்து... அது வந்து... அது போச்சு. அக்கா குச்சி. குச்சி வச்சு இது... இது பண்றா. அப்புறம் அழுவுது. அப்புறம் பலூன். அப்புறம் சிரிக்கிறான். அப்புறம் முடிஞ்சுச்சு."

பொண்ணோட அஞ்சு வரில என்னென்ன இருக்குன்னு எண்ணிப் பாருங்க. யாரு, என்ன பிரச்சனை, முதல் முயற்சி, அது பலிக்கல, ரெண்டாவது முயற்சி, அதுவும் வேற மாதிரி போயிடுச்சு, கடைசி தீர்வு. "எடுக்கலாம்னு பாத்தா"ங்கிற ரெண்டே வார்த்தையில அக்காவோட எண்ணமும் அது நடக்காம போனதும் ரெண்டும் வந்துருச்சு. "பாவம்னு" – அக்கா மனசுக்குள்ள போயிட்டா. அஞ்சு வயசுக்கு இது ரொம்ப நல்ல கதை. அவ கம்மியா பேசுறா, அவ்ளோதான். கூச்சம் வேற, மொழிச் சிரமம் வேற.

பையன் சொன்னதுல வார்த்தை எண்ணிக்கை அதிகம், ஆனா படத்த பாக்காம அத மட்டும் படிச்சா பலூன் மரத்துல மாட்டுச்சுன்னு தெரியாது, வெடிச்சதும் தெரியாது. "இது பண்றா"ன்னு ரெண்டு தடவை தேடிட்டு நிக்கிறான் பாருங்க, "தட்டுறா", "குத்துறா" மாதிரி வினைச்சொல் வரல. எல்லாத்தையும் "அப்புறம்" ஒண்ணே இழுத்துக்கிட்டு போகுது. ஒரு சம்பவத்தால இன்னொண்ணு நடந்துச்சுங்கிற கொக்கி எங்கயும் விழல. நான் பாக்குறது அந்த கொக்கியதான். எத்தனை வார்த்தைங்கிறத விட.

"அழுவுது"ன்னு சொன்னத மட்டும் தப்புன்னு போட்டுடாதீங்க. எத்தனையோ வீட்ல சின்னப் பிள்ளைய "அழுவுது, தூங்குது"ன்னுதான் செல்லமா சொல்வாங்க, அவன் காதுல விழுந்த தமிழ் அதுவா இருந்தா அது தப்பே இல்ல. ஆரம்ப காலத்துல இதுக்கெல்லாம் மார்க் குறைச்சு ஒரு பிள்ளைக்கு தேவையில்லாம குறைபாடுன்னு எழுதினேன், அந்த அம்மா என் முன்னாடி உக்காந்து அதே மாதிரி பேசினப்பதான் எனக்கு உறைச்சுது. அன்னிலேர்ந்து ரிப்போர்ட் எழுதறதுக்கு முன்னாடி வீட்ல பேசுற பேச்ச ஒரு பத்து நிமிஷமாவது கேட்டுடுவேன்.

அந்த பையன் கிட்ட நீங்க கேட்ட ரெண்டு கேள்விதான் எனக்கு நிறைய சொல்லுச்சு. "ஏன் அழுதான்?"னு கேட்டதுக்கு "கண்ணுல தண்ணி வருது"ன்னான். "அக்கா எதுக்கு குச்சி எடுத்துட்டு வந்தா?"னு கேட்டதுக்கு "குச்சி பெருசு"ன்னான். ரெண்டு பதிலும் படத்துல கண்ணுக்கு தெரியுறதுதான், காரணத்த தொடவே இல்ல. இவ்ளோ பேசுற பிள்ளைக்கு பிரச்சனை இருக்கும்னு யாருக்கும் தோணாது, அதனாலயே இவங்கள மாதிரி பிள்ளைங்க ரொம்ப லேட்டா, பாடம் படிச்சு புரிஞ்சுக்க வேண்டிய வகுப்புக்கு போனப்புறம் "படிக்க மாட்டேங்கிறான், கவனமே இல்ல"ங்கிற பேரோட எங்க கிட்ட வர்றாங்க. அத நினைச்சா எனக்கு இப்பவும் வருத்தமா இருக்கும்.

அதனால அனுப்ப வேண்டியது அவனதான். அதுக்கும் முன்னாடி ஒரே ஒரு வேலை செஞ்சு பாருங்க. நீங்களே அந்த கதைய நல்லா நிறுத்தி நிதானமா சொல்லுங்க, "பலூன் மாட்டிக்கிச்சு, அதனால அவனுக்கு அழுகையா வந்துச்சு, அக்கா அத எடுத்துக் குடுக்கணும்னு நினைச்சா"ன்னு கொக்கிய எல்லாம் அழுத்தி சொல்லுங்க, ரெண்டு மூணு நாள் நடிச்சு கூட காட்டுங்க. அப்புறம் வேற ஒரு கதைக்கு புதுப் படம் குடுத்து கேளுங்க. கதை கேட்டு பழக்கம் இல்லாம தடுமாறின பிள்ளைன்னா சட்டுனு முன்னேறும். அவ்ளோ உதவி பண்ணியும் அசையலைன்னா அதுவே தெரபிஸ்ட்டுக்கு குடுக்க வேண்டிய முக்கியமான தகவல். டெஸ்ட், கத்துக்குடு, மறுபடி டெஸ்ட்னு இதுக்கு ஒரு முறையே இருக்கு, டைனமிக் அசெஸ்மென்ட்ம்போம். ஒரு நாள்ல ஒரு தடவை சொன்ன கதைய வச்சு தீர்ப்பு எழுதறத விட இது எவ்ளோ நியாயம்.

கேள்வி: வீட்ல தமிழ், ஸ்கூல்ல வேற மொழி. டெஸ்ட் ஸ்கூல் மொழியிலதான் எடுத்தாங்க, மொழிக் குறைபாடு இருக்கலாம்னு சொல்லிட்டாங்க. வீட்ல தமிழ்ல நல்லாத்தான் கதை சொல்றா. தமிழ நிறுத்தச் சொல்றாங்க, நிறுத்தணுமா?

நிறுத்தாதீங்க, நிறுத்தவே நிறுத்தாதீங்க. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால மொழிக் குறைபாடு வராது. குறைபாடு இருந்தா அது அந்த பிள்ளை பேசுற எல்லா மொழியிலயும் தெரியும். ஒரு மொழியில மட்டும் திக்குமுக்காடுதுன்னா அந்த மொழி இன்னும் போதுமான அளவு காதுல விழலைன்னுதான் முதல்ல நினைக்கணும்.

கதை டெஸ்ட் இங்க ரொம்ப கைகொடுக்கும். கதையோட எலும்புக்கூடு எந்த ஒரு மொழிக்கும் சொந்தம் இல்ல, தமிழ்ல "பிரச்சனை வந்துச்சு, முயற்சி பண்ணான், நடந்துச்சு"ன்னு யோசிக்கிற பிள்ளை இன்னொரு மொழியிலயும் அப்படித்தான் யோசிக்கும், வார்த்தையும் இலக்கணமும்தான் அந்தந்த மொழியில எவ்ளோ பழக்கமோ அவ்ளோ வரும். அதனால ரெண்டு மொழியிலயும், வேற வேற கதையா, வேற வேற நாள்ல எடுக்க சொல்லுங்க. தமிழ் தெரிஞ்ச தெரபிஸ்ட் கிடைக்கலைன்னா நீங்க தமிழ்ல சொல்ல வச்சு ரெக்கார்ட் பண்ணி, வார்த்தைக்கு வார்த்தை என்ன சொன்னான்னு எழுதிக் குடுங்க, திருத்தாம. நடுவுல மொழி மாத்தி ரெண்டையும் கலந்து சொன்னா அதையும் அப்படியே எழுதுங்க, கலக்குறது குறைபாடோட அடையாளம் கிடையாது.

கேள்வி: மகனுக்கு சரியா 4 வயசு. ரிப்போர்ட்ல "கதை திரும்பச் சொல்லும் திறன் வயதுக்குக் குறைவு"னு இருக்கு. வளர வளர சரியாயிடும்னு எங்க வீட்ல பெரியவங்க சொல்றாங்க. ஒரு அப்பாவா நான் காத்திருக்கணுமா, உடனே ஏதாவது பண்ணணுமா?

பெரியவங்க சொல்றதுலயும் உண்மை இருக்குங்க, அத நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். 1987-ல டாரத்தி பிஷப்பும் எட்மண்ட்சனும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நாலு வயசுல மொழிச் சிரமம் இருந்த 87 பிள்ளைங்கள நாலு வயசு, நாலரை, அஞ்சரைன்னு மூணு தடவை பாத்தாங்க. அஞ்சரை வயசாகும்போது அதுல 37 சதவீதம் பேருக்கு சரியாயிடுச்சு. மூணுல ஒருத்தருக்கு மேல, சந்தோஷமான விஷயம்தான். ஆனா யாருக்கு சரியாகும், யாருக்கு நீடிக்கும்னு முன்கூட்டியே சொல்றதுக்கு அவங்க குடுத்த டெஸ்ட்லயே எது நல்லா உதவுச்சுன்னு பாத்தா, படத்த வச்சு கதைய திருப்பி சொல்றதுதான். உங்க பையன் ரிப்போர்ட்ல குறைவுன்னு போட்டிருக்கிறதும் அதேதான். அதனால உங்க விஷயத்துல காத்திருந்து பாக்கலாம்னு நான் சொல்ல மாட்டேன்.

முதல்ல காது. ஸ்பீச் தெரபிக்கு முன்னாடி ஒரு ஹியரிங் டெஸ்ட் எடுத்துடுங்க, அடிக்கடி சளி பிடிச்சு காதுல நீர் கோத்திருந்தாலே பாதி பேச்சு மங்கலா விழும். காது நல்லா இருந்து, வேற காரணமும் இல்லாம, சிரமம் நீடிச்சு அன்றாடம் பேசுறது பழகுறதுலயும் தெரிஞ்சா அதுக்கு டெவலப்மென்டல் லாங்குவேஜ் டிசார்டர்னு பேரு, 2017-ல பல நாட்டு நிபுணர்கள் ஒத்துக்கிட்ட பேரு இது, பழைய ரிப்போர்ட்ல ஸ்பெசிஃபிக் லாங்குவேஜ் இம்பேர்மென்ட்னு இருக்கும். இங்கிலாந்துல 2016-ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணுல ஸ்கூல் சேர்ற வயசுப் பிள்ளைங்கள்ல 100-க்கு சுமார் 7 பேருக்கு இது இருந்துச்சு. அப்படின்னா 30 பிள்ளைங்க இருக்கிற ஒரு வகுப்புல ரெண்டு பேர். ஆனா நாலு வயசுல இந்த பேர அவசரப்பட்டு ஒட்ட வேண்டாம், பேரு இல்லாமலே உதவிய ஆரம்பிக்கலாம். ஆறு மாசம் கழிச்சு மறுபடி கதை எடுத்து பக்கத்துல வச்சு பாக்க சொல்லுங்க. எலும்புக்கூடு நிமிந்திருந்தா நல்ல அறிகுறி.

கேள்வி: நாங்க ரெண்டு பேரும் வேலைக்கு போறோம், கதை சொல்ல நேரமே இல்ல, போன குடுத்து உக்கார வச்சோம். அதனாலதான் இவளுக்கு இப்படி ஆயிடுச்சா?

இல்லம்மா. இந்த குறைபாடுல பரம்பரைக்கு பெரிய பங்கு இருக்கு, ஒரே குடும்பத்துல பல பேருக்கு இருக்கும். நீங்க வேலைக்கு போனதால வந்தது இல்ல, அந்த பாரத்த இறக்கி வச்சுடுங்க. போன் நேரத்த குறைச்சு அதுல பத்து நிமிஷம் பேச்சுக்கு குடுத்தா அவளுக்கு நல்லது, அத நாளைக்கு ஆரம்பிச்சாலும் பலன் இருக்கு.

கேள்வி: அக்கா, நான் ஸ்பீச் தெரபி ஸ்டூடன்ட். ஆங்கிலத்துல இருக்கிற கதை டெஸ்ட்ட தமிழ்ப் பிள்ளைங்களுக்கு குடுக்கும்போது ஸ்கோர் ரொம்ப கம்மியா வருது. நான் என்ன தப்பு பண்றேன்?

தம்பி, தப்பு பெரும்பாலும் உன் கிட்ட இல்ல, ஸ்கோர் ஷீட்ல இருக்கு. ஆங்கில ஷீட்ட எடுத்து வரிக்கு வரி தமிழாக்கி வச்சிருப்ப, அதுல "ஏன்னா, அதனால, ஆனா" வருதான்னு தேடுற கட்டம் இருக்கும். தமிழ்ல பிள்ளை கோக்குறது அந்த தனி வார்த்தையில இல்ல, வினையோட வால்ல. "பாத்ததும் ஓடினான்", "எடுக்கலாம்னு போனா", "விழுந்து அழுதான்", "எட்டாம நின்னான்" – இந்த "தும்", "னு", "து", "ஆம" எல்லாமே இணைப்புதான். இத கணக்குல எடுக்கலைன்னா நல்லா கோர்வையா சொன்ன பிள்ளைக்கு கூட பூஜ்யம் போட்டுடுவ.

அடுத்தது நீளம். வார்த்தைய மட்டும் எண்ணினா தமிழ் தோத்துடும். "ஓடிட்டிருந்துச்சு"ங்கிறது ஒரு வார்த்தை, ஆனா ஓடுறது, அது தொடர்ந்து நடந்துக்கிட்டிருந்தது, முடிஞ்ச காலம், அஃறிணைன்னு நாலு தகவல் அதுல இருக்கு. அதனால உருபன் எண்ணு, அதாவது வார்த்தைக்குள்ள பொருள் தர்ற ஒவ்வொரு சின்னத் துண்டையும். வேற்றுமை உருபு விழுதான்னும் தனியா பாரு, "அக்கா குச்சி"ன்னு நிக்கிறதுக்கும் "அக்கா குச்சியால"ங்கிறதுக்கும் நடுவுல நிறைய இருக்கு. அப்புறம் எழுவாய விடுறது. தமிழ்ல யாருன்னு தெரிஞ்சா "வந்தான், பாத்தான், போனான்"னு பேர் சொல்லாமலே போகலாம், அது இயல்பு. ரெண்டு ஆம்பளப் பசங்க இருக்கிற கதையில "அவன் அவன அடிச்சான்"னு வந்து யாரு யாரன்னு புரியலைன்னாதான் குறிச்சுக்கோ. முக்கியமா, ஆங்கிலம் பேசுற பிள்ளைங்கள வச்சு போட்ட வயசு அட்டவணைய தமிழ்ப் பிள்ளை மேல தூக்கி வச்சு "குறைவு"ன்னு எழுதாத. அது நியாயமே இல்ல.

நீ உக்கார்ற விதத்துலயும் கொஞ்சம் கவனம் வேணும். பிள்ளை நின்னா வாய திறக்காம மனசுக்குள்ள பத்து எண்ணு, பாதி பேர் அந்த பத்துக்குள்ள மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க. அப்புறமும் வரலைன்னா "ம்ம்", "அப்புறம்?", "வேற ஏதாவது?" இதுக்கு மேல போகாத. "பலூன் எங்க மாட்டிக்கிச்சு?"ன்னு கேட்டுட்டா கதைய நீ சொல்லிட்ட, அதுக்கப்புறம் வர்றது கதை இல்ல, பதில். உச்சரிப்புல தப்பு இருந்தா கதை ஸ்கோர்ல கை வைக்காத, "பலூன"ன்னு சொல்ல வேண்டியத "பயூன"ன்னு சொன்னாலும் கதை கதைதான். ஒண்ணும் பேசாம உக்காந்திருக்கிற பிள்ளைக்கு நீ முதல்ல ஒரு கதைய சொல்லி அத திருப்பி சொல்ல வை, தானா உருவாக்குறத விட அது சுலபம், நிறைய வெளிய வரும். அதுவும் நடக்கலைன்னா அன்னிக்கு விட்டுடு. வேற நாள் எடுத்துக்கலாம்.

கேள்வி: அடுத்த அப்பாயின்ட்மென்ட் ரெண்டு மாசம் கழிச்சுதான். அதுவரைக்கும் நாலு வயசுப் பையனுக்கு வீட்ல என்ன செய்யலாம்?

கதையா "சொல்லு, சொல்லு"ன்னு கேட்டு சோதிக்காதீங்க, அதுதான் முதல். அவன் வாழ்க்கையில நடந்த சின்ன விஷயத்துலேர்ந்து ஆரம்பிங்க. டம்ளர் விழுந்து தண்ணி கொட்டிச்சுன்னு வைங்க, ராத்திரி படுக்கும்போது நீங்களே அத கதையாக்குங்க: "ஒரு பையன் தண்ணி குடிக்கணும்னு நினைச்சான், டம்ளர் வழுக்கிடுச்சு, ஐயோன்னு பயந்துட்டான், அப்புறம் ஓடிப்போய் துணி எடுத்துட்டு வந்து தொடைச்சான்." நினைச்சான், பயந்துட்டான் மாதிரி மனசு சம்பந்தப்பட்ட வார்த்தைகள விடாதீங்க. மறுநாள் அதே கதைய சொல்லி ஒரு இடத்துல நிறுத்துங்க, "டம்ளர் வழுக்கிடுச்சா, அதனால..."ன்னு நிறுத்தி காத்திருங்க. அவன் "கொட்டிச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், நீங்க அத வாங்கி "ஆமா, தண்ணி எல்லாம் தரையில கொட்டிடுச்சு"ன்னு நீட்டிக் குடுங்க, தப்பா சொன்னாலும் "அப்படி இல்ல"ன்னு வெட்டாம சரியான வடிவத்த நீங்க திருப்பி சொல்லிட்டு போயிடுங்க. ஒரே கதைய பத்து நாள் சொல்றதுக்கு சலிச்சுக்காதீங்க, பிள்ளைங்களுக்கு அது சலிக்காது, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்ட அவங்க எடுத்துப்பாங்க.

வாரத்துல ஒரு நாள் அவன் சொல்றத போன்ல ரெக்கார்ட் பண்ணி தேதி போட்டு வைங்க, ரெண்டு நிமிஷம் இருந்தாலும் சரி. தெரபிஸ்ட் கிட்ட போகும்போது முதல் வாரத்ததையும் கடைசி வாரத்ததையும் போட்டுக் காட்டுங்க.